ஹால் சுவத்துல திரும்பத் திரும்பப் பூசணம், பொண்ணுக்கு இருமல்: ஜன்னலைத் தொறக்கணுமா மூடணுமா?

வேளச்சேரி_ரெண்டாவது_மாடி
அக்டோபர் 27, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நாலு மாடி அப்பார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி, சொந்த வீடுதான், ரெண்டு பெட்ரூம். ஹால்ல சோஃபா போட்டிருக்குற சுவத்துல கறுப்புப் புள்ளி புள்ளியா பூசணம் பூக்குது. போன வருஷம் பட்டி பாத்து பெயின்ட் அடிச்சோம், ஆடி போயி ஆவணி வர்றதுக்குள்ள திரும்ப வந்துருச்சு, இப்ப மழை ஆரம்பிச்சதும் இன்னும் மோசம். பீரோவத் தொறந்தா ஒரு மக்குன வாடை, வீட்டுக்காரரோட பெல்ட்டு ஷூவெல்லாம் பச்சையா பூத்துக் கெடக்கு, அப்பளம் டப்பாவுக்குள்ளயே நமுத்துப் போவுது. பொண்ணுக்கு ஆறு வயசு, காலையில எந்திரிச்சதும் தும்மல் இருமல், ரெண்டு மாசமா வீசிங்கும் சேந்துக்கிச்சு, டாக்டர் டஸ்ட் அலர்ஜின்னு இன்ஹேலர் குடுத்துருக்காரு. வீட்டுக்காரர் ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாங்குறாரு, மாமியார் ஜன்னலை எல்லாம் தொறந்து விட்டு சாம்பிராணி போடுங்குறாங்க, ஜன்னல் தொறந்தா கொசு, கொசுவுக்கு ராத்திரி முழுக்க கொசுவத்தி. யார் சொல்றதக் கேக்குறதுன்னே தெரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


காத்து_வாங்க_வந்தவன்
அக்டோபர் 27, இரவு 9:52

ப்யூரிஃபையர் வாங்கிடுங்க ப்ரோ, ஹெப்பா ஃபில்டர், அதான் நுண்துகளப் பிடிக்கிற ஃபில்டர், இருக்கானு மட்டும் பாத்துக்கோங்க, எங்க வீட்ல சூப்பரா ஓடுது.


ரிட்டயர்டு_சிவில்
அக்டோபர் 27, இரவு 10:15

ப்ரோ இல்ல தம்பி, சிஸ்டர். முழுசாப் படிங்க. 😀

அம்மா, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்கணும். சுவத்துல ஈரம்னா எல்லாமே ஒண்ணு கிடையாது. தரையில ஆரம்பிச்சு ரெண்டு மூணு அடி வரைக்கும் ஏறி, பெயின்ட் பொரிஞ்சு, வெள்ளையா உப்புப் பூத்து உதிர்ந்தா அது பூமியிலருந்து ஏர்ற ஓதம், ரெண்டாவது மாடியில அதுக்கு வாய்ப்பே இல்ல. சீலிங்குலருந்தோ சுவத்து நடுவுலருந்தோ பழுப்பு ஓரம் கட்டி மேப் மாதிரி படர்ந்தா எங்கயோ குழாய் இல்ல பாத்ரூம் லீக்கு. பெயின்ட் நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கு, மேல மட்டும் கறுப்புப் புள்ளியா இருக்கு, துணியால தொடைச்சா வந்துருதுன்னா அது காத்துல இருக்குற ஈரம் சுவத்துல படியுறது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. நீங்க பட்டி பாத்து பெயின்ட் அடிச்சது எந்த வைத்தியமும் இல்ல, மூடி மறைச்சது அவ்வளவுதான்.

மூணு கேள்வி. அந்த சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? சுவர் ஒம்பது இன்ச்சா நாலரை இன்ச்சா? கறை எந்த உயரத்துல?


வேளச்சேரி_ரெண்டாவது_மாடி
அக்டோபர் 27, இரவு 10:31

ரொம்ப நன்றி சார். அந்தப் பக்கம் எங்க பெட்ரூம், பாத்ரூமோ குழாயோ எதுவும் கிடையாது. சுவர் மெல்லிசுதான், நாலரை இன்ச்னு நெனைக்கிறேன். கறை சோஃபாவோட முதுகுக்குப் பின்னாடிதான் ஜாஸ்தி, மேல போகப் போக கம்மி. தொடைச்சா வருது, பத்து நாள்ல திரும்ப வந்துருது. பாத்ரூம் பக்கத்துல பாசேஜ் சுவத்துலயும் ஒரு எடம் இருக்கு, அது வேற மாதிரி பெயின்ட் ஊதிக்கிட்டு நிக்குது.


ஏசி_மெக்கானிக்_திருவொற்றியூர்
அக்டோபர் 27, இரவு 11:05

சிஸ்டர் பெட்ரூம்ல ஏசி எத்தன்ல வெப்பீங்க? நைட் ஃபுல்லா ஓடுமா?


வேளச்சேரி_ரெண்டாவது_மாடி
அக்டோபர் 27, இரவு 11:08

18. வீட்டுக்காரருக்கு அதுதான் தூக்கம் வரும். காலைல ஏழு வரைக்கும் ஓடும். ஒன்றரை டன், ரூம் பத்துக்குப் பத்து.


ஏசி_மெக்கானிக்_திருவொற்றியூர்
அக்டோபர் 27, இரவு 11:46

அப்ப மேட்டர் முடிஞ்சிது. நான் சொல்றத கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இத கஸ்டமருங்க கிட்ட சொல்லி சொல்லி எனக்கு வாய் வலிச்சிருச்சு.

நம்ம மெட்ராஸ்ல இப்ப நைட்ல ஹால் 29 டிகிரி, ஈரப்பதம் 80%னு வெச்சிக்கோங்க, சாதாரணமா இருக்கறதுதான். அந்தக் காத்து 25 டிகிரிக்கு வந்தாலே தண்ணியா மாறிடும், டியூ பாயின்ட்னு சொல்றாங்களே அது. இந்தப் பக்கம் பெட்ரூம 18க்கு இழுத்தா நடுவுல இருக்குற நாலரை இன்ச் சுவரும் ஜில்லுனு ஆவும், ஹால் பக்கத்து பூச்சு 26க்கு வந்துரும். 29ல 80% இருந்த காத்து 26 டிகிரி சுவத்த தொட்டா அந்த எடத்துல அது 95%. தண்ணி வழியணும்னுகூட அவசியம் இல்ல, சுவர ஒட்டி 80%க்கு மேல நாள்கணக்கா நின்னாலே பூசணத்துக்கு போதும், பெயின்ட்லயும் தூசிலயும் அதுக்கு வேண்டிய சாப்பாடு இருக்கு. சோஃபாவ சுவத்தோட ஒட்டிப் போட்டா ஃபேன் காத்து உள்ள போவாது, அங்க இன்னும் ஜில்லுனு இருக்கும், அதான் சோஃபா முதுகு அளவுக்கு கறை. கொத்தனார் வந்து ஒண்ணியும் புடுங்க முடியாது இதுல.

அடுத்தது, பத்துக்குப் பத்து ரூமுக்கு ஒன்றரை டன் ஓவர். பெரிய மிஷின் டக்குனு கூலிங் குடுத்துட்டு கம்ப்ரஸர் நின்னுரும், காயில்ல தண்ணி கோத்து ட்ரெயின் ஆவறதுக்கு டைமே குடுக்காது. கம்ப்ரஸர் நின்னதுக்கு அப்பறமும் ஃபேன் ஓடுதா, காயில்ல நிக்கற ஈரம் திரும்ப ரூமுக்குள்ளயே வந்துரும். அதான் ஜில்லுனு இருக்கு ஆனா கசகசன்னு இருக்குனு சொல்லுவாங்க ஜனங்க. ஜில்லுனு இல்லன்னு இன்னும் கம்மி பண்ணுவாங்க. 25, 26ல வெச்சி சீலிங் ஃபேன ஒண்ணு ரெண்டுல ஓட விடுங்க. மழைநாள்ல ரிமோட்ல தண்ணிச் சொட்டுப் படம் போட்டிருக்கும் பாருங்க, டிரை மோட், அதுல வைங்க. 2020லருந்து வர்ற ஸ்டார் போட்ட ஏசியெல்லாம் ஆன் பண்ணா 24லதான் நிக்கணும்னு கவர்மென்ட்டே ரூல் போட்டுது, நம்மாளு ஒடனே ரிமோட்ட எடுத்து 18க்கு அமுக்குவான்.


காத்து_வாங்க_வந்தவன்
அக்டோபர் 28, காலை 7:20

அட இது புதுசா இருக்கே. ஏசி ரூம் சுவத்துக்கு வெளிப்பக்கம் பூசணம் வரும்னு யாருமே சொன்னதில்ல. எங்க பக்கத்து ஃப்ளாட்காரர் ஏசி போட்டா எங்க கப்போர்டுக்குள்ள வாடை வருது, அதுவும் இதுதானா??


ஏசி_மெக்கானிக்_திருவொற்றியூர்
அக்டோபர் 28, காலை 7:41

பொதுச் சுவரா இருந்தா இதுவாதான் இருக்கும். கப்போர்ட கொஞ்சம் தள்ளிப் போடு, இல்லன்னா பின்பக்க ப்ளைவுட்ல நாலு ஓட்டை போடு.


நாஞ்சிலான்
அக்டோபர் 28, காலை 8:30

எனக்கு நாகர்கோவில் பக்கம். எங்களுக்கு ரெண்டு மழையும் உண்டு பாத்துக்கிடுங்க, ஆனியிலயும் ஐப்பசியிலயும் ஊறிக்கிட்டேதான் கெடக்கும் வீடு. ஆனா எங்க தாத்தா கட்டுன வீட்டுல பூசணம்னு ஒண்ணு நான் பாத்ததே கெடையாது. நடுவுல முற்றம், ஜன்னலுக்கு மேல ஒவ்வொரு ரூமுக்கும் வென்டிலேட்டர், சூடான காத்து அது வழியா தானா ஏறிப் போயிரும், ஓடு வேற மூச்சு விடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிச்சிருவோம். இப்ப எங்க அண்ணன் பக்கத்துலயே கான்கிரீட் வீடு கட்டி, வென்டிலேட்டர் அசிங்கமா இருக்குன்னு அடைச்சு, யூபிவிசி ஜன்னலு, பளபளன்னு பெயின்ட்டு, இப்ப வீடு ஒரே வாடை. பழசுதான் நல்லது, வேற என்ன சொல்ல.


ரிட்டயர்டு_சிவில்
அக்டோபர் 28, காலை 9:10

நாஞ்சிலான் சொல்றதுல பாதி சரி. சுண்ணாம்புல காரம் ஜாஸ்தி, அதுல பூசணம் சீக்கிரம் பிடிக்காது, சுவர்ல இருக்குற ஈரமும் அது வழியா வெளிய வந்துரும். ஆனா அது சுண்ணாம்பு பூச்சு மேலயோ சிமென்ட் பூச்சு மேலயோ அடிச்சாதான் நிக்கும். பட்டி பாத்து எமல்ஷன் அடிச்ச சுவத்து மேல சுண்ணாம்பு அடிச்சா ரெண்டே மாசத்துல தோல் உரியுற மாதிரி உரிஞ்சிரும். சிஸ்டர் யாராவது சொல்றாங்கன்னு அடிச்சிறாதீங்க. அதே மாதிரி, உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிங்கன்னு கடையில சொல்லுவாங்க, வெளியிலருந்து ஈரம் வர்ற சுவர்ல உள்பக்கம் அத அடிச்சா தண்ணி போக வழி இல்லாம பலூன் மாதிரி ஊதும். உங்க பாசேஜ் சுவர் ஊதியிருக்கிறதப் பாத்தா ஏற்கனவே யாரோ அப்படி அடிச்சிருக்காங்கன்னு தோணுது.

இப்ப ஒரு சின்ன டெஸ்ட். அலுமினியம் ஃபாயில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, ஹால் சுவத்துல கறை இருக்குற எடத்துல ஒண்ணு, பாசேஜ்ல ஒண்ணு, நாலு பக்கமும் டேப்ப காத்து போகாம அழுத்தி ஒட்டுங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த எடத்த ஹேர் ட்ரையர் வெச்சு காய வெச்சுக்கோங்க. ரெண்டு நாள் விடுங்க, ஏசி வழக்கம்போல ஓடட்டும். உங்களப் பாத்த பக்கம் வேர்த்திருந்தா காத்து ஈரம், மெக்கானிக் தம்பி சொன்னது. பிரிச்சுப் பாத்து சுவத்துப் பக்கம் ஈரமா இருந்தா சுவத்துக்குள்ளருந்து வருது, கசிவு.


கொசு_பேட்_வீரன்
அக்டோபர் 28, காலை 11:02

யாருமே கொசுவத்தியப் பத்தி பேசலயே, எனக்கு அதான் முதல்ல கண்ணுல பட்டது. ஆறு வயசுக் குழந்தை, வீசிங், ராத்திரி முழுக்க கொசுவத்தி, அதுவும் மூடுன ரூமுல!! 2003ல வந்த ஒரு ஆராய்ச்சியில ஒரு கொசுவத்தி முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள், அதான் பிஎம் 2.5, 75லருந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு அளந்து போட்டாங்க. வாசனை கம்மி புகை கம்மின்னு விக்கிறதெல்லாம் இருக்கு, எரியுற பொருள் எரிஞ்சாத் துகள் வரத்தான் செய்யும். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாம் அதே கேட்டகரிதான், மாமியார் கோச்சுக்கக் கூடாது. பூஜைய விடச் சொல்லல, ஜன்னல் தொறந்து வெச்சு பத்து நிமிஷம், குழந்தை வேற ரூம்ல.

ஜன்னலுக்கு வெல்க்ரோ வெச்ச வலை அடிங்க, இல்ல ஃப்ரேம் போட்டு ஸ்லைடிங் வலை, கழட்டித் தொடைக்கற மாதிரி. படுக்கைக்குக் கொசுவலை. தூசி அடைஞ்ச வலையில காத்து வராது, மாசம் ஒருதடவை கழுவணும்.


காத்து_வாங்க_வந்தவன்
அக்டோபர் 28, மதியம் 12:15

சரி அப்ப துகளுக்கு ப்யூரிஃபையர் வேணும்தானே, நான் சொன்னது தப்பு இல்லையே. உலக சுகாதார நிறுவனம் 2021ல பிஎம் 2.5 ஒரு கன மீட்டர் காத்துல ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராம தாண்டக் கூடாதுன்னு சொல்லிச்சு, நம்ம ஊர் சட்டத்துல 60 வரைக்கும் ஓகே. போகி அன்னிக்கு காலைல எங்க மீட்டர்ல 300 காட்டுச்சு.


கொசு_பேட்_வீரன்
அக்டோபர் 28, மதியம் 12:40

போகி தீபாவளிக்கு கண்டிப்பா யூஸ் ஆகும், மணலி எண்ணூர் பக்கம் இருக்குறவங்களுக்கு வருஷம் பூராவும். ஆனா ப்யூரிஃபையர் ஒரு சொட்டு ஈரத்தக்கூட எடுக்காது. பறக்குற பூசண விதை கொஞ்சம் சிக்கும், ஆனா சுவத்துல தோட்டம் இருக்குற வரைக்கும் புதுசு வந்துக்கிட்டேதான் இருக்கும். சுவர சரி பண்ணாம வாங்குனா 15 ஆயிரம் தண்டம், ஃபில்டரும் ஈரத்துல சீக்கிரம் வாடை அடிக்கும். முக்கியமா ஓசோன் விடுற மிஷின் எதையும் வாங்காதீங்க, ஃப்ரெஷ் வாசம் வருதுன்னு விப்பாங்க, வீசிங் உள்ளவங்களுக்கு ஓசோன் ஆகவே ஆகாது.


திருச்சி_மலைக்கோட்டை
அக்டோபர் 28, மதியம் 2:30

இவ்வளவு பிரச்சனை எதுக்கு, ஏசிய தூக்கிப் போட்டுட்டு ஏர் கூலர் வாங்குங்க. ஜன்னல் தொறந்து வெச்சு ஓட்டலாம், ஃப்ரெஷ் காத்து, கரண்ட்டும் கம்மி. நாங்க ஏப்ரல் மே ரெண்டு மாசம் அதுலதான் பொழைக்கிறோம்.


ஏசி_மெக்கானிக்_திருவொற்றியூர்
அக்டோபர் 28, மாலை 4:05

அண்ணா திருச்சிக்கு அது ஓகே, மத்தியானம் காத்து காஞ்சி போய் இருக்கும் உங்களுக்கு. கூலர் வேலையே தண்ணிய காத்துல கலக்குறதுதான். மெட்ராஸ்ல ஏற்கனவே 80% இருக்குற காத்துல இன்னும் தண்ணி ஊத்துனா கூலும் ஆவாது, சுவர் பீரோ எல்லாம் ஊறிப்பூடும். சிஸ்டர் தயவுசெஞ்சி வாங்காதீங்க.


சிங்கை_அக்கா
அக்டோபர் 28, இரவு 8:50

சிங்கப்பூர்ல எங்களுக்கு வருஷம் பூரா இதே கதை, இங்க சராசரியே 80%க்கு மேல. எச்டிபி, அதான் கவர்மென்ட் கட்டுன அடுக்குமாடி வீட்ல, பாம் ஷெல்ட்டர்னு கான்கிரீட் ரூம் ஒண்ணு இருக்கும், ஸ்டோர் ரூமா யூஸ் பண்ணிக்குவோம், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது, அதுக்குள்ள வெச்ச கைப்பை செருப்பு பட்டுப்புடவை எல்லாம் பூசணம். காத்துல உள்ள ஈரத்த இழுக்குற மிஷின், டீஹ்யுமிடிஃபையர், நெறைய வீட்ல இருக்கும் இங்க.

வாங்குறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. ஆன்லைன்ல மூவாயிரம் நாலாயிரத்துக்கு அழகா குட்டியா வருதே, அது உள்ள கம்ப்ரஸர் கிடையாது, ஒரு நாளைக்கு கால் லிட்டர் தண்ணி எடுத்தா பெருசு, ஒரு ஷூ ராக்குக்கு வேணா போதும். கம்ப்ரஸர் வெச்சதுதான் 10 லிட்டர் 12 லிட்டர்னு எடுக்கும். ஆனா அது ரூம சூடாக்கும், ஹீட்டர் மாதிரி ரெண்டு டிகிரி ஏறும், அதனால ஆள் இல்லாத நேரம் ஜன்னல் கதவ மூடிட்டு ஓட்டணும். ஜன்னலத் தொறந்து வெச்சு ஓட்டுனா ஊர்ல உள்ள ஈரத்தையெல்லாம் நீங்கதான் எடுக்கணும்.

பீரோவுக்கு கால்சியம் க்ளோரைடு டப்பா வாங்கி வெச்சா போதும், தண்ணி கோத்துக்கும், குழந்தை கைக்கு எட்டாம வைங்க, அந்தத் தண்ணி துணியில கொட்டுனா காயவே காயாது.

ஜன்னல் விஷயம், 2015ல இந்தோனேசியாப் புகை வந்தப்ப எல்லாத்தையும் மூடி உள்ள கெடந்தோம், துகள் கொறஞ்சுது, ஆனா காலையில எல்லாருக்கும் தலவலி. மூடுன ரூமுல ஆள் மூச்சே போதும்.


ஏசி_மெக்கானிக்_திருவொற்றியூர்
அக்டோபர் 28, இரவு 9:30

அக்கா சொன்னது கரெக்ட்டு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்து உள்ள இழுக்குதுன்னு பாதிப் பேர் நெனைச்சிக்கினு இருக்காங்க. அவுட்டோர் யூனிட்டுக்கும் இன்டோர் யூனிட்டுக்கும் நடுவுல கேஸ் போற காப்பர் பைப்புதான், காத்து போறதே இல்ல. இருக்குற காத்தையே சுத்தி சுத்தி விடுது. வெளிய கார்பன் டையாக்சைடு 420, 430 பிபிஎம் இருக்கும், மூணு பேர் படுத்து எல்லாத்தையும் மூடுனா விடியறதுக்குள்ள ரெண்டாயிரத்த தாண்டிரும். கதவுக்கு அடியில ஒரு விரக்கடை கேப் இருக்கட்டும், துணி சுருட்டி அடைக்காதீங்க. பாத்ரூம் அட்டாச்டுன்னா எக்ஸாஸ்ட்ட ஸ்லோவா ஓட விடலாம்.


வேளச்சேரி_ரெண்டாவது_மாடி
அக்டோபர் 28, இரவு 10:02

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஃபாயில் ஒட்டியாச்சு. ஆனா முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரலயே, ஜன்னல் தொறக்கணுமா மூடணுமா? தொறந்தா ஈரம் உள்ள வருதுங்குறீங்க, மூடுனா மூச்சுமுட்டுதுங்குறீங்க. 😭


ரிட்டயர்டு_சிவில்
அக்டோபர் 29, காலை 6:45

நியாயமான கேள்விம்மா. நேரத்தப் பொறுத்தது. விடியக்காலையில வெளிய ஈரப்பதம் 85, 90ன்னு இருக்கும், பதினொரு மணிக்கு மேல வெயில் ஏற ஏற 60, 65க்கு இறங்கும். காத்துல உள்ள மொத்தத் தண்ணி பெருசா மாறல, காத்து சூடானதால இன்னும் கொஞ்சம் ஈரத்த வாங்கிக்கிற தெம்பு வருது. அதனால மழை இல்லாத நாள்ல பதினொண்ணுலருந்து மூணு நாலு மணி வரைக்கும் எதிர் எதிர் ஜன்னல் ரெண்டையும் தொறந்து, ஃபேன் போட்டு, பீரோவையும் தொறந்து வைங்க. ஒரு ஜன்னல் மட்டும் தொறந்தா பிரயோஜனம் கம்மி, காத்து உள்ள வந்தா வெளிய போக வழி வேணும்.

தொறக்கக் கூடாத நேரம், ஏசிய ஆஃப் பண்ண உடனே. சுவர் கட்டில் பீரோ எல்லாம் ஜில்லுனு இருக்கும்போது காலைக் காத்த உள்ள விட்டா அத்தனையும் வேர்க்கும். ஃபேனப் போட்டு வெச்சிருந்து, ரூம் சாதாரண சூட்டுக்கு வந்த பிறகு தொறங்க. அடைமழை நாள்ல தொறந்து வெச்சு சுவர் காயும்னு எதிர்பாக்காதீங்க, அன்னிக்கு மூச்சுக்காக மட்டும் கொஞ்ச நேரம்.

கேள்விய மாத்திக் கேட்டா இன்னும் சுலபம். வீட்டுக்குள்ளயே நாம எவ்வளவு தண்ணி உண்டாக்குறோம்? ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வரும், கேஸ் எரியுறதுலயே வர்ற தண்ணி, கொதிக்கிற சாம்பார்லருந்து வர்றது தனி. 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு தீர்றதுக்குள்ள கிட்டத்தட்ட 22 லிட்டர் வீட்டுக்குள்ள போயிருக்கும். ஒரு வாஷிங் மெஷின் துணிய ஹால்ல கொடி கட்டிக் காயப் போட்டா ரெண்டு லிட்டர் உங்க சுவத்துக்குத்தான். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வேலை செய்யுதா, துணி எங்க காயுது?


வேளச்சேரி_ரெண்டாவது_மாடி
அக்டோபர் 29, காலை 10:20

சார் மழைன்னா துணி ஹால்லதான், மொட்டை மாடியில எப்படிப் போடுறது. சிம்னி இருக்கு, குழாய் வெளிய போகாத மாடல், ஃபில்டர் வெச்சது.


ரிட்டயர்டு_சிவில்
அக்டோபர் 29, காலை 10:48

அந்த சிம்னி எண்ணெய்ப் பிசுக்க பிடிக்கும், ஆவியையும் கேஸ் புகையையும் அப்படியே திருப்பி உள்ளதான் விடும். குழாய் வெளிய விடணும், இல்லன்னா ஜன்னல் கண்ணாடியில ஒரு கட்டத்த எடுத்துட்டு ஒம்பது இன்ச் எக்ஸாஸ்ட் போடுங்க, குக்கர் வெச்சதுலருந்து இறக்கி பத்து நிமிஷம் வரைக்கும் ஓடட்டும். குளிச்ச பிறகு பாத்ரூம் எக்ஸாஸ்ட் அரை மணி நேரம், பாத்ரூம் கதவ மூடிட்டு, கதவுக்கு அடியில காத்து போற அளவு இடைவெளி இருக்கணும். துணிய பால்கனியில, முடியலன்னா ஒரே ரூம்ல போட்டுக் கதவ மூடி எக்ஸாஸ்ட் ஓட்டுங்க, மொத்த வீட்டுக்கும் பரப்ப வேணாம்.


பல்லாவரம்_நைட்_ஷிஃப்ட்
அக்டோபர் 29, மதியம் 1:15

படிச்சிட்டு உடனே ஈரப்பதம் பாக்குற மீட்டர் ஒண்ணு 400 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன், ரெண்டு வாங்குனா ரெண்டும் வேற வேற நம்பர் காட்டுதுன்னு ரிவ்யூல திட்டியிருக்கான். எத நம்புறது?


சிங்கை_அக்கா
அக்டோபர் 29, மதியம் 2:40

வீட்லயே செக் பண்ணலாம் தம்பி. பாட்டில் மூடியில பொடி உப்பு போட்டு, சொட்டுச் சொட்டா தண்ணி விட்டு ஈர மண் பதத்துக்குக் கொழைங்க, கரையக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு மூடி ராத்திரி விட்டுருங்க. காலையில 75 காட்டணும், உப்புக்கு அதுதான் கணக்கு. 70 காட்டுச்சுன்னா உங்க மீட்டர் அஞ்சு கம்மியா சொல்லுதுன்னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சுக்கோங்க, வேலை முடிஞ்சுது. வீட்டுக்குள்ள 60க்குக் கீழ வெச்சா பூசணத்துக்குக் கஷ்டம், 50க்குக் கீழ கொண்டுவந்தா மெத்தையில இருக்குற தூசிப் பூச்சியும் காஞ்சு போகும். நம்ம ஊர்ல ஏசி இல்லாம 50 நடக்காது, 60, 65க்கு முயற்சி பண்ணுங்க.


கொசு_பேட்_வீரன்
அக்டோபர் 29, மாலை 5:30

தூசிப் பூச்சின்னதும் ஞாபகம் வந்துச்சு. டாக்டர் டஸ்ட் அலர்ஜின்னாருன்னா பெரும்பாலும் அதான், ரோட்டுத் தூசி இல்ல. பெட்ஷீட் தலகாணி உறை வாரம் ஒருதடவை 60 டிகிரி தண்ணியில துவைங்க, மெஷின்ல ஹாட் போடுங்க. மெத்தைய வெயில்ல போடுங்க. பொம்மைங்க ஒரு மலை இருக்கும்ல கட்டில்ல, அதையும் துவைங்க.

பூசணத்த தொடைக்கும்போது குழந்தை வீட்ல இருக்கக் கூடாது. காஞ்ச பிரஷ் வெச்சு தேய்க்காதீங்க, விதை பறந்து வீடெல்லாம் போகும். மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால தொடைச்சு, துணிய அப்படியே கவர்ல கட்டித் தூக்கிப் போடுங்க, அப்புறம் ஃபேன் போட்டு நல்லா காய விடுங்க. ப்ளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவுற ஆசிடையும் சேத்து ஊத்தாதீங்க, க்ளோரின் கேஸ் வரும், பெரிய ஆளே ஆஸ்பத்திரி போக வேண்டியதுதான். சோஃபா முதுகுத் துணியில பூசணம் ஏறியிருந்தா பஞ்சோட மாத்திருங்க, கழுவி சரியாகாது.


நாஞ்சிலான்
அக்டோபர் 29, இரவு 7:05

அப்பம் வென்டிலேட்டர தொறக்கச் சொல்லட்டா வேண்டாமா எங்க அண்ணன் கிட்ட?


ரிட்டயர்டு_சிவில்
அக்டோபர் 29, இரவு 7:22

ஏசி இல்லாத ரூம்னா இன்னிக்கே தொறக்கச் சொல்லுங்க. ஏசி போடுற ரூமுக்கு மட்டும் கண்ணாடி வெச்சு திறந்து மூடுற மாதிரி மாத்திக்கட்டும்.


வேளச்சேரி_ரெண்டாவது_மாடி
நவம்பர் 6, இரவு 9:15

அப்டேட். ஃபாயில் ரிசல்ட் சார் சொன்ன மாதிரியே. ஹால் சுவத்துல எங்களப் பாத்த பக்கம் காலையில முத்து முத்தா வேர்த்திருந்துச்சு, பிரிச்சா உள்ள காஞ்சு கெடக்கு. பாசேஜ் சுவத்துல அப்படியே நேர்மாறா, வெளிய ஒண்ணும் இல்ல, உள்பக்கம் நல்ல ஈரம், ஃபாயில் ஒட்டுன டேப்பே கழண்டு வந்துருச்சு.

ஏசி இப்ப 26, கூட ஃபேன். வீட்டுக்காரர் முதல் ராத்திரி மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டாரு, டிரை மோட்ல போட்டதும் கொஞ்சம் பரவாயில்லங்குறாரு. சோஃபாவ அரை அடி தள்ளிப் போட்டுத் தொடைச்சதுல இதுவரைக்கும் புதுசா வரல, அதுக்குள்ள முடிவா எதுவும் சொல்ல முடியாது, மழை இன்னும் இருக்கு. கொசுவத்திய நிறுத்தி வலை போட்டாச்சு. பொண்ணுக்கு ராத்திரி இருமல் கொறஞ்சிருக்கு, இன்ஹேலர டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னுட்டாரு. மீட்டர் ஹால்ல 72, பெட்ரூம்ல 58.

இப்பப் பிரச்சனை பாசேஜ். மேல மூணாவது மாடி பாத்ரூம் நேரா அதுக்கு மேலதான். அவங்க கிட்டச் சொன்னா எங்க பாத்ரூம் நல்லாத்தான் இருக்கு, உங்க சுவத்துல ஏசி பிரச்சனைன்னு இணையத்துல படிச்சீங்களாமே, அதுவாத்தான் இருக்கும்ங்குறாங்க. என்ன சொல்றது?


ஏசி_மெக்கானிக்_திருவொற்றியூர்
நவம்பர் 6, இரவு 9:28

ஐயோ என் தலையிலயே திருப்பி உட்டாங்களா 😂


ரிட்டயர்டு_சிவில்
நவம்பர் 6, இரவு 10:10

அந்த ஃபாயில போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா? இல்லன்னா திரும்ப ஒட்டி, பிரிக்கும்போது அவங்களையே கூப்பிட்டுக் காட்டுங்க. அடுத்தது கலர் டெஸ்ட். மேல் வீட்ல குளிக்கிற எடத்துல தண்ணி போற நஹானி ட்ராப்ப துணி வெச்சு அடைச்சு, ஃபுட் கலர் கலந்த தண்ணி ரெண்டு இன்ச் நிக்குற மாதிரி ஊத்தி ஒரு நாள் விடணும். கீழ கலர் வந்தா டைல்ஸ் இடுக்கோ ட்ராப் ஓரமோ விட்டுருக்கு. வரலன்னா சுவத்துக்குள்ள போற சப்ளை பைப்ல லீக், அதுக்கு எல்லாக் குழாயையும் மூடிட்டு தண்ணி மீட்டர் ஓடுதான்னு பாக்கணும். பெரும்பாலும் ட்ராப் ஓரம்தான், சுத்தி ஓரடி டைல்ஸ எடுத்து வாட்டர்ப்ரூஃபிங் பண்ணா முடிஞ்சுது, மொத்த பாத்ரூமையும் இடிக்க வேணாம். அதச் சொல்லித்தான் பேச்ச ஆரம்பிங்க, இடிக்கணும்னு நெனைச்சுத்தான் மேல் வீட்டுக்காரங்க பயப்படுறது.


வேளச்சேரி_ரெண்டாவது_மாடி
நவம்பர் 8, மாலை 6:40

மேல் வீட்டு அங்கிள் ஞாயித்துக்கெழமை கலர் ஊத்திப் பாக்க ஒத்துக்கிட்டாரு. ஆன்ட்டி மட்டும் ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க, டைல்ஸ்ல கறை படிஞ்சா நாங்கதான் தேச்சுக் குடுக்கணுமாம். சார், எந்தக் கலர் சீக்கிரம் போகும்?


ரிட்டயர்டு_சிவில்
நவம்பர் 8, மாலை 7:05

மஞ்சள் வேணாம், ஈரச்சுவர்ல பழுப்போட கலந்து தெரியாது. பச்சை வாங்குங்க. டைல்ஸ்ல ஒட்டாது, இடுக்குல லேசா நிக்கும், நாலஞ்சு நாள் குளிச்சாப் போயிரும்.


பல்லாவரம்_நைட்_ஷிஃப்ட்
நவம்பர் 8, இரவு 8:12

ஞாயித்துக்கெழமை என்னாச்சுன்னு போடுங்க சிஸ்டர், எங்க வீட்லயும் பாசேஜ் சுவர் ஊத ஆரம்பிச்சிருக்கு. என் மீட்டர் உப்பு டெஸ்ட்ல 71 காட்டுச்சு.